அத்தைக்குப் புரிகிற கையேடு: புதியவர்களுக்கு முதல் பாடம் எழுதுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு சாப்ட்வேரைத் திறக்கிறீர்கள். அதற்கான கையேட்டையும் திறக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்திலேயே புரியாத சொல் ஒன்று குறுக்கே நிற்கிறது. மூன்றாம் பக்கத்தில் சொல்லியிருக்கும் பட்டன் உங்கள் திரையில் காணவில்லை. "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறீர்கள்.

தவறு உங்களுடையது அல்ல. பெரும்பாலும் கையேட்டைத் திட்டமிட்டவருடையது. இதை நான் அடித்துச் சொல்ல முடியும். ஏனென்றால், அப்படிப்பட்ட ஒரு கையேட்டை எழுதியவன் நான்தான்!

அந்தக் கையேடு எங்கே தவறியது, பிறகு எப்படித் திட்டமிட்டு மாற்றி எழுதினேன் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். "நானே இப்போதுதான் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன், கையேடு எழுதுவதைப் பற்றி எனக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்த வேலைக்கு மிகவும் தேவைப்படும் ஆளே நீங்கள்தான் என்பது கடைசியில் புரியும்.

ஓப்பன் சோர்ஸ் என்றால்?

முதலில் ஒரு சிறு விளக்கம். ஒரு சாப்ட்வேர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், நண்பர்களுக்குப் பிரதி எடுத்துத் தரலாம் என்று உரிமையோடு தருவதே ஓப்பன் சோர்ஸ். இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் பயர்பாக்ஸ், வீடியோ பார்க்கும் விஎல்சி, கடிதமும் கணக்கும் எழுதும் லிப்ரே ஆபீஸ் எல்லாம் இந்த வகை. ஓப்பன் ஆபீஸ் என்ற தொகுப்பிலிருந்து பிரிந்து, 2010 செப்டம்பரில் தொடங்கியதுதான் லிப்ரே ஆபீஸ். டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு இதைக் கவனித்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட சாப்ட்வேரை உருவாக்குவதில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கையேடுகளும் அப்படித்தான். லிப்ரே ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் தொடக்கக் கையேடு ஒன்றும், ரைட்டர், கால்க் போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் கையேடும் உண்டு. புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் பங்களிக்க ஏற்ற இடம் இது. "நாமும் தமிழில் ஒன்று எழுதலாமே" என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

சோமனூரில் நடந்தது

கோவைக்குக் கிழக்கே சோமனூர் பக்கம் என் அத்தை வீடு. சில விசைத்தறிகளை வைத்துக் கூலிக்குத் துணி ஓட்டுகிறார். ஜவுளி வியாபாரி நூல் கொடுப்பார். அத்தை நெய்து கொடுப்பார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. பணம் மொத்தமாக வராது. அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக வரும். எத்தனை மீட்டர் போனது, எவ்வளவு வந்தது, பாக்கி எவ்வளவு என்று ஒரு நீள நோட்டில் பல வருடங்களாக எழுதி வருகிறார்.

பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். ஒருநாள் அத்தை என்னிடம், "ஏங் கண்ணு, இந்தப் பொட்டியில கணக்கு எழுதலாமாமா? அந்த நோட்டு கிழிஞ்சே போச்சு" என்றார்.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. லிப்ரே ஆபீஸ் கால்க் பற்றித் தமிழில் 40 பக்கம் எழுதினேன். ஸ்டார் ஆபீஸில் தொடங்கி லிப்ரே ஆபீஸ் வரை வரலாறு நான்கு பக்கம். இன்ஸ்டால் செய்வது மூன்று பக்கம். பிறகு ஒவ்வொரு மெனுவாக, பைல் மெனுவில் என்ன இருக்கிறது, எடிட் மெனுவில் என்ன இருக்கிறது என்று வரிசையாக விளக்கம். எதையும் விட்டுவிடவில்லை என்று எனக்குப் பெருமை.

அதை அச்சிட்டு அத்தையிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒரு போனும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டர் மேல் பழைய துண்டு ஒன்று மூடிக் கிடந்தது. என் கையேடு பத்திரமாக அலமாரியில் இருந்தது. "எனக்கு இதெல்லாம் வராது சாமி. நீ எழுதுனதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் மண்டையில ஏறலை" என்றார்.

விசைத்தறியையே ஓட்டி நிர்வாகம் செய்பவர், மனக்கணக்கில் என்னைத் தோற்கடிப்பவர், "எனக்கு வராது" என்று சொன்னார். மோசமான கையேடு செய்யும் பெரிய தீமை இதுதான். படித்தவருக்குச் சாப்ட்வேர் தெரியாமல் போவதோடு அது நிற்பதில்லை. தன்னால் முடியாது என்று அவரையே நம்ப வைத்துவிடுகிறது.

கையேட்டில் நான்கு வகை

எங்கே தவறினேன் என்று தேடியபோது எனக்கு ஒரு பாகுபாடு உதவியது. டேனியேல் புரோசிடா என்பவர் சாப்ட்வேர் ஆவணங்களை நான்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 'டயடாக்சிஸ்' என்று அதற்குப் பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் ஊர் கிரைண்டரை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

வீட்டுக்குப் புது வெட் கிரைண்டர் வருகிறது. முதல் நாள் மாமியார் பக்கத்தில் நின்று, "கல்லைக் கழுவு, கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிக் கீழே கொட்டு, அப்புறம் உளுந்தைப் போடு" என்று சொல்லிச் செய்ய வைக்கிறாரே, அது முதல் பாடம். பழகிய பிறகு "மாவு கெட்டியாகிவிட்டது, என்ன செய்ய?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், ஒரு வேலைக்கான செய்முறை. பெட்டியில் இருக்கும் தாளில் மோட்டார் திறன், கொள்ளளவு எல்லாம் பட்டியலாக இருக்கிறதே, அது தகவல் தொகுப்பு. மிக்சியில் அரைத்த மாவுக்கும் கல்லில் அரைத்த மாவுக்கும் ஏன் வித்தியாசம் என்று பேசுவது விளக்கம்.

நான்கும் தேவைதான். ஆனால் முதல் நாள் மாமியார் நிற்க வேண்டிய இடத்தில் மோட்டார் பட்டியலை நீட்டக் கூடாது. நான் செய்தது அதைத்தான். பாடம் என்று பெயர் வைத்து, மெனுப் பட்டியலையும் வரலாற்றையும் கலந்து கொடுத்திருந்தேன்.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 1980களில் அமெரிக்காவில் ஐபிஎம் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் கேரல் என்பவரும் அவரது குழுவினரும், அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் புதிதாக வேர்ட் புராசசர் கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். யாரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கவில்லை. கைவேலையை உடனே ஆரம்பிக்கவே விரும்பினார்கள். பக்கங்களைத் தாண்டினார்கள். தவறு செய்து, அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் சிக்கிக்கொண்டார்கள். ஆகவே கேரல் குழுவினர் கையேட்டைப் பெரிதாக்காமல் குறைத்தார்கள். நிஜ வேலையை உடனே தொடங்க வைப்பது, தவறினால் மீளும் வழியை அங்கேயே சொல்வது, மற்றதை வெட்டுவது. கற்றவர்கள் பழைய தடித்த கையேட்டைவிட வேகமாகக் கற்றார்கள். இந்த அனுபவத்தை அவர் 1990ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

சரி, இனி திட்டத்துக்கு வருவோம்.

1. ஒரே ஒரு வாசகரை நினையுங்கள்

'அனைவருக்கும் பயன்படும் கையேடு' என்று தொடங்கினால் யாருக்கும் பயன்படாது. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இப்படி எழுதினேன்: 'அத்தை. தமிழ் நன்றாகப் படிப்பார். திரையில் உள்ள ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி அடையாளம் காண்பார். மவுஸைப் பிடிப்பார், டபுள் கிளிக் சில சமயம் தவறும். கணக்கில் புலி. ஒரு நாளில் அரை மணி நேரம் கிடைக்கும், அதுவும் கரண்ட் இருந்தால்.'

இந்தச் சில வரிகளே பாதித் திட்டத்தை முடித்துவிட்டன. கணக்கு சொல்லித்தர வேண்டாம், டபுள் கிளிக் சொல்லித்தர வேண்டும், ஒரு பாடம் அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது!

2. முடிவில் கையில் என்ன இருக்கும்?

'கால்க் பற்றித் தெரிந்துகொள்வார்' என்பது இலக்கு அல்ல. 'இந்த மாதத்துக் கூலிக் கணக்கைத் தானே எழுதி, பாக்கித் தொகையைத் திரையில் பார்ப்பார்' என்பதுதான் இலக்கு. இந்த இலக்குக்குத் தேவையில்லாத எதுவும் முதல் பாடத்தில் வரக் கூடாது. வரைபடம் போடுவது, கலர் அடிப்பது எல்லாம் எனக்குப் பிடிக்கும். வெட்டினேன். வரலாற்றையும் வெட்டினேன். 40 பக்கம் 9 பக்கமாகச் சுருங்கியது.

3. நீங்களே செய்து, ஒவ்வொன்றாக எழுதுங்கள்

நினைவிலிருந்து எழுதாதீர்கள். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்துகொண்டே, கை செய்வதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பழகிவிட்ட செயல்களை நம் மூளை செயலாகவே கணக்கில் எடுப்பதில்லை. நான் முன்பு எழுதிய வரி: "தொகையை டைப் செய்யவும்." உண்மையில் அதற்குள் மூன்று செயல்கள் இருக்கின்றன. கட்டத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்ய வேண்டும். எண்ணை டைப் செய்ய வேண்டும். என்டர் கீயைத் தட்ட வேண்டும். அத்தை என்டர் தட்டவில்லை. எண் கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

4. சிறு பாடங்களாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒரு பலன் இருக்க வேண்டும். என் பிரிவு இதுதான்:

முதல் பாடம்: கால்க்கைத் திறந்து, தேதி, மீட்டர், மீட்டர் கூலி, மொத்தக் கூலி, வந்த பணம் என்று ஐந்து தலைப்புகள் எழுதி, பைலைச் சேமித்து மூடுதல். மறுபடி திறந்து பார்த்தல்.

இரண்டாம் பாடம்: ஒரு வாரக் கணக்கை உள்ளிடுதல். மீட்டரையும் கூலியையும் பெருக்க வைத்தல். அதாவது டி2 கட்டத்தில் சமக்குறி போட்டு, பி2, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, சி2 என்று டைப் செய்து என்டர் தட்டுதல்.

மூன்றாம் பாடம்: மொத்தம் போடுதல், பாக்கி காணுதல்.

சேமிப்பதை முதல் பாடத்திலேயே வைத்ததைக் கவனித்தீர்களா? புதியவரின் முதல் பயம், "எழுதியதெல்லாம் போய்விடுமோ?" என்பது. மூடிய பைல் மறுபடி திறந்து அப்படியே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

5. திரையில் என்ன சொல் இருக்கிறதோ, அதே சொல்

தமிழில் எழுதும்போது இது பெரிய சிக்கல். லிப்ரே ஆபீஸைத் தமிழ் முகப்போடும் பயன்படுத்தலாம். அதில் பைல் மெனு 'கோப்பு' என்று இருக்கும். ஆனால் அத்தையின் கம்ப்யூட்டரில் ஆங்கில முகப்பு. நான் கையேட்டில் 'கோப்பு' என்று எழுத, அவர் அந்தச் சொல்லைத் திரை முழுக்கத் தேடியிருக்கிறார்! எந்த முகப்பை வைத்து எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அதை முதல் பக்கத்தில் சொல்லுங்கள். திரையில் உள்ள சொல்லையே கடைசி வரை எழுதுங்கள். ஒரே பொருளை ஒரு இடத்தில் 'கட்டம்' என்றும் இன்னொரு இடத்தில் 'செல்' என்றும் எழுதினால், புதியவர் அவை இரண்டு வேறு பொருள் என்றே நினைப்பார்.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு ஒரு தமிழ் எழுத்துருவில் எழுதியது வேறு கம்ப்யூட்டரில் கோணல் மாணலாகத் தெரியும். 2010 ஜூனில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, அதோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரங்களில் ஒன்றாக ஏற்றது. ஆகவே யூனிகோடில் எழுதுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும் படிக்கலாம்.

6. தடுக்கும் இடங்களை முன்கூட்டியே சொல்லுங்கள்

'எல்லாம் சரியாக நடக்கும்' என்று நினைத்து எழுதிய கையேடு, முதல் தவறிலேயே வாசகரை நடுரோட்டில் விட்டுவிடும். கால்க்கில் புதியவர்கள் தடுக்கி விழும் சில இடங்கள் இதோ.

கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ### என்று தெரிகிறதா? ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கட்டத்தின் அகலம் போதவில்லை, அவ்வளவுதான். மேலே பி, சி என்று எழுத்துகள் இருக்கும் பட்டையில், அந்த எழுத்தின் வலது பக்கக் கோட்டின் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். எண் தெரியும்.

தேதி மாறிப் போகிறதா? லொகேல் எனப்படும் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், 05/04 என்று தொடங்கும் தேதியை ஏப்ரல் 5 என்று எடுக்காமல் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 என்று தொடங்கினால் தேதியாகவே எடுக்காது. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, மொழிக்கான பகுதியில் லொகேல் என்பதை இந்திய ஆங்கிலம் என்று மாற்றிவிடுங்கள். இதைக் கையேட்டின் தொடக்கத்திலேயே செய்ய வைத்துவிடுவது நல்லது.

தவறாக எதையாவது அழித்துவிட்டீர்களா? கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு இசட் தட்டுங்கள். போனது திரும்பும். இந்த ஒரு வரி முதல் பாடத்திலேயே இருக்க வேண்டும்.

7. புதியவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்

இதுதான் மிக முக்கியம். எழுதியவரே தன் கையேட்டைச் சோதிக்க முடியாது. தெரிந்த ஊரில் வழிப்பலகை தேவைப்படாதது போல, விட்டுப்போன படிகள் அவர் கண்ணில் படாது.

இதை நன்றாகச் செய்து காட்டிய ஒரு முயற்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் கல்வித் திட்ட நிதி உதவியுடன் வளர்ந்த 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் அது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்களுக்குச் சுமார் பத்து நிமிட வீடியோப் பாடங்களைத் தயாரிக்கிறார்கள். பல பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு.

அவர்களது முறையைப் பாருங்கள். நேராக வீடியோ எடுப்பதில்லை. முதலில் பாடங்களின் பட்டியல். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பத்தியாக எழுதிய வசனம்; ஒரு பத்தியில் திரையில் என்ன தெரிகிறது, இன்னொரு பத்தியில் குரல் என்ன சொல்கிறது. அந்த வசனத்தை விஷயம் தெரிந்தவர் ஒருவர் சரிபார்ப்பதோடு, அந்தச் சாப்ட்வேர் தெரியாத புதியவர் ஒருவரும் படித்து, அதன்படி செய்து பார்க்கிறார். அவரால் செய்ய முடிகிறதா என்று பார்த்த பிறகே பதிவு. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியாகக் கற்பவருக்காகத்தான் பாடம் என்பதால், இந்தச் சோதனையை அவர்கள் விடுவதில்லை. கற்பவரும் திரையில் ஒரு பாதியில் வீடியோ, மறுபாதியில் சாப்ட்வேர் என்று வைத்துக்கொண்டு கூடவே செய்து பார்க்க வேண்டும்.

நாம் வீட்டில் செய்யும்போது ஒரே விதி. புதியவர் பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள்! அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் பார்க்கிறார் என்று நோட்டில் குறியுங்கள். "அங்கே இல்லை அத்தை, இங்கே பாருங்க" என்று ஒருமுறை சொன்னாலும், அந்த வாக்கியம் கையேட்டில் இல்லை என்று பொருள்.

அத்தை பிடித்த தவறு

புதிய 9 பக்கத்தை எடுத்துக்கொண்டு சோமனூர் போனேன். வாயை மூடி உட்கார்ந்தேன். முதல் பாடம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது பாடத்தில் மொத்தம் போட்டு, பாக்கியும் திரையில் வந்தது. நான் எழுந்து கைதட்டப் போகும் நேரம்.

"கணக்கு உதைக்குதே கண்ணு" என்றார் அத்தை.

திரையில் மொத்தக் கூலி 24,000. வந்த பணம் 15,000. பாக்கி 9,000. அத்தை நோட்டை எடுத்துக் கொண்டுவந்து விரித்தார். வந்த பணம் ஐந்து தவணை: 5,000, 4,000, 6,000, 3,000, 2,000. கூட்டினால் 20,000. பாக்கி 4,000தான்!

எனக்கு வியர்த்துவிட்டது. கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் மூன்று தொகையை என் கையேட்டில் உள்ளது போல வெறும் எண்ணாக டைப் செய்திருந்தார். கை பழகியதும், நோட்டில் எழுதுகிற வழக்கப்படியே கடைசி இரண்டை 3000/- என்றும் 2000/- என்றும் டைப் செய்துவிட்டார். பணத்தொகை எழுதினால் பின்னால் சாய்கோடும் சிறுகோடும் போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தானே! ஆனால் அந்தக் கோடுகள் வந்ததும் கால்க் அதை எண்ணாக எடுப்பதில்லை. எழுத்து என்று நினைத்துக்கொள்கிறது. கூட்டும்போது எந்த எச்சரிக்கையும் தராமல் விட்டுவிடுகிறது.

"இந்தச் சீட்டைக் கொண்டுபோய் அவருகிட்ட நீட்டியிருந்தா என்ன நெனச்சிருப்பாரு? அஞ்சாயிரம் சேத்திக் கேக்கறேன்னு நெனச்சிருக்க மாட்டாரு? இத்தனை வருச நாணயமாச்சே" என்றார் அத்தை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. ஒரு கையேட்டில் விட்டுப்போன ஒரு வரி, ஒருவரின் நாணயத்தையே கேள்வியாக்கிவிடும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அன்றைக்கே மூன்று வரிகளைச் சேர்த்தேன். அவற்றை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: தொகையை வெறும் எண்ணாக மட்டும் டைப் செய்யுங்கள். பின்னால் கோடு எதுவும் வேண்டாம்.

இரண்டு: என்டர் தட்டியதும் எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இடது ஓரத்தில் நின்றால் கால்க் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் வியூ மெனுவில் வேல்யூ ஹைலைட்டிங் என்பதைக் கிளிக் செய்யுங்கள். அல்லது கன்ட்ரோல் கீயோடு எஃப்8 தட்டுங்கள். எண்கள் நீல நிறத்திலும், சூத்திரங்கள் பச்சையிலும், எழுத்துகள் கறுப்பிலும் தெரியும். கறுப்பாகத் தெரியும் தொகை கூட்டலில் சேராது.

மூன்று: முதல் மூன்று மாதம் நோட்டையும் விடாதீர்கள். இரண்டு மொத்தமும் ஒத்துப் போகிறதா என்று மாதக் கடைசியில் சரிபாருங்கள்.

இந்த மூன்று வரிகளும் எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது. பல வருடம் கால்க் பயன்படுத்தியும், ஒருமுறைகூட நான் 3000/- என்று டைப் செய்ததில்லை. எனக்குத்தான் தெரியுமே! தெரிந்தவன் தடுக்குவதில்லை. அதனால் தடுக்கும் இடம் தெரிந்தவனுக்குத் தெரியாது.

8. உரிமம், தேதி, பராமரிப்பு

எழுதி முடித்தாலும் வேலை முடியவில்லை. லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்பு சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பட்டன்கள் இடம் மாறலாம். எனவே எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதியது, எந்த மாதம் எழுதியது என்பதை முதல் பக்கத்தில் போடுங்கள். திரைப் படங்களைத் தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள். எவ்வளவு படம் இருக்கிறதோ, பதிப்பு மாறும்போது அவ்வளவு படத்தையும் மாற்ற வேண்டிவரும்.

அடுத்து உரிமம். பிறர் நகல் எடுக்கலாமா, திருத்தலாமா என்று எழுதி வைக்காவிட்டால், நல்ல எண்ணம் உள்ளவர்கள்கூடத் தொடத் தயங்குவார்கள். இதற்காகவே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸின் ஆங்கிலக் கையேடுகளை எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் தருகிறார்கள். தமிழில் 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் இதே பாதையில் வந்ததுதான். அதில் தொடராக வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில்' கட்டுரைகள் பிறகு மின்னூல்களாகி, யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கவும் பகிரவும் கிடைக்கின்றன. ஒரே நாளில் பெரிய புத்தகம் எழுத வேண்டியதில்லை, மாதம் ஒரு பாடம் போதும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உங்கள் பங்கு என்ன?

தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. 'தெரியாத நிலை' எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு இன்று தெரியும். ஆனால் அது நிலைக்காது. சில மாதம் பழகிவிட்டால் நீங்களும் என்னைப் போல எங்கே தடுக்கினோம் என்பதையே மறந்துவிடுவீர்கள்.

ஆகவே கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தடுக்கும்போதெல்லாம் மூன்று விஷயங்களை எழுதுங்கள். என்ன செய்ய முயன்றேன்? திரையில் என்ன வந்தது? கடைசியில் எப்படிச் சரியானது? தேதியும் போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த நோட்டே ஒரு நல்ல கையேட்டுக்கான பொருளடக்கமாக இருக்கும். அதில் ஒரே ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி, பக்கத்து வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கூப்பிடாமல் முடித்துவிட்டால், நீங்கள் கையேடு எழுதிவிட்டீர்கள்!

சோமனூர்க் கையேடு இப்போது 11 பக்கம். கூடிய 2 பக்கமும் அத்தை தடுக்கிய இடங்கள்தான். கம்ப்யூட்டர் மேல் மூடியிருந்த துண்டை எடுத்தாயிற்று. போன மாதம் அத்தை போன் செய்தார். எதிர்வீட்டு அக்காவும் கணக்கு எழுதக் கற்றுக்கொள்கிறாராம். "நானே சொல்லிக் குடுத்துட்டேன் கண்ணு. ஆனா நாலாம் பக்கத்துல ஒரு வரி அவளுக்கு வெளங்கலை. அதைக் கொஞ்சம் மாத்தி எழுதிக் குடு" என்றார்.

நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். நீங்களும் இன்றே ஒரு நோட்டை எடுங்கள்.